பிரெஞ்சு பாலே இசை: பழைய ஒலிப்பதிவா, புதியதா?

கேள்வி இது: “ரவேலின் பொலேரோ மட்டும்தான் கேட்டிருக்கிறேன். 20ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ரா இசையையும் பாலே இசையையும் கேட்க ஆசை. எந்த ஒலிப்பதிவில் தொடங்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் 1950, 60களின் ரெக்கார்டிங்கையே சொல்கிறார்கள். இன்றைய டிஜிட்டல் பதிவு ஒலியில் மேல் இல்லையா? இது வெறும் பழசு மோகமா?”

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மோகமும் கொஞ்சம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பிராம்ஸையோ சைக்கோவ்ஸ்கியையோ 1958இல் பதிந்தார்களா 2018இல் பதிந்தார்களா என்பது பெரும்பாலும் ரசனையைப் பொறுத்தது. பிரெஞ்சு இசையில் நடுவில் வேறொன்று நடந்துவிட்டது: வாசித்த கருவிகளே மாறிவிட்டன.

1960கள் வரை பாரிஸ் ஆர்கெஸ்ட்ராக்களில் இருந்த பஸூன் (நீளமான, தாழ்ந்த குரல் கொண்ட மரக்காற்றுக் கருவி), இன்று பெர்லினிலோ லண்டனிலோ நீங்கள் கேட்கும் ஜெர்மன் வகை பஸூன் அல்ல. துளை குறுகலானது, சாவிகளின் அமைப்பு வேறு, ஒலி மெலிந்து கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல, சாக்ஸபோனுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். 1913இல் பாரிஸில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ ஆரம்பத்தில் உச்சத்தில் தனியாகப் பாடுகிறதே ஒரு பஸூன், அது முதலில் ஒலித்தது இந்தப் பிரெஞ்சுக் கருவியில்தான். ஹார்ன் வாசிப்பவர்கள் பிஸ்டன் வைத்த கருவியில், வாய்ப்பாட்டுக்காரர்போல ஸ்வரத்தை லேசாக அசைத்து வாசித்தார்கள். ட்ரோம்போனின் குழாய் ஒல்லி, அதனால் ஒலி கூர்மை; மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும்போதுகூட அது மற்றவற்றை மூடாது. இப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிக் குரல் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே பளபளப்பாக உருகி ஓடவில்லை, ஒவ்வொன்றும் தன் நிறத்தோடு தனியாக நின்றது. ரவேலும் டெபுஸியும் தாளில் எழுதும்போது அவர்கள் காதில் இருந்த ஒலி இது.

1967இல் பாரிஸ் கன்ஸர்வத்வார் ஆர்கெஸ்ட்ரா கலைக்கப்பட்டு அந்த இடத்தில் ஆர்கெஸ்தர் த பாரி வந்தது. 1970களில் ஜெர்மன் பஸூன் பாரிஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஹார்னில் அந்த அசைவும் போனது. உலகம் முழுக்க ஆர்கெஸ்ட்ராக்கள் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கின, இன்னும் சுத்தமாக, இன்னும் துல்லியமாக. ஆகவே 1962இன் ஒரு பாரிஸ் பதிவு வெறும் பழைய வாசிப்பு அல்ல; அந்த ஒலி இன்றைய வழக்கமான ஆர்கெஸ்ட்ராக்களில் கிடைக்காது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குழுக்களின் ஒழுங்கு சில நேரம் மோசம். ஒத்திகைக்கு ஒருவர் வருவார், கச்சேரிக்கு அவருக்குப் பதில் இன்னொருவர் வருவார் என்ற அளவுக்குப் பெயர் வாங்கியவர்கள். வயலின்கள் ஒன்றுபோல இழுக்காத இடங்கள், சுருதி கொஞ்சம் விலகிய மரக்காற்றுக் கருவிகள், எல்லாம் காதில் விழும். அதை மன்னிக்க முடியாதவர்களுக்குப் புதிய பதிவுதான் சரி, அதில் தப்பே இல்லை.

உங்களுக்குத் தெரிந்த பொலேரோவிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதுவும் பாலேதான், நடனக்காரர் இடா ரூபின்ஸ்டைன் கேட்டு எழுதியது, 1928 நவம்பர் 22 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. 1930 ஜனவரியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு ரெக்கார்டுகள் பதிவாயின. முதல் நாள் பியேரோ கொப்போலா நடத்தியது, மறுநாள் லாமுரே ஆர்கெஸ்ட்ராவை வைத்து ரவேல் தானே நடத்தியது. கொப்போலா இத்தாலியர், வேகம் எடுத்துவிடுவார் என்று ரவேலுக்குப் பயம், அதனால் பதிவின்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பகுதியில் கொப்போலா தன்னை மறந்து ஒரு துளி வேகம் கூட்ட, ரவேல் எழுந்து வந்து கோட்டைப் பிடித்து இழுத்து, இவ்வளவு வேகம் கூடாது என்று நிறுத்தினாராம்; மறுபடி முதலிலிருந்து. கொப்போலாவே தன் நினைவுக்குறிப்பில் சொன்ன கதை இது. ரவேலின் சொந்தப் பதிவு ஏறத்தாழ 16 நிமிடம். அதே வருடம் மே மாதம் டொஸ்கானினி பாரிஸ் வந்து இதை வேகமாக அடித்துவிட்டுப் போனதும், ரவேல் முகத்துக்கு நேரே ஆட்சேபித்ததும் தனிக்கதை. அந்த 1930 ரெக்கார்டில் இரைச்சல் இருக்கும், பறை ஒலி தூரத்தில் இருக்கும், ஆனால் காற்றுக் கருவிகளின் குரல்கள் எவ்வளவு வெவ்வேறாக இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பாட்டு அலுக்காமல் போவதற்குக் குரல் மாறுவதுதானே காரணம்.

சரி, எங்கே தொடங்குவது? என் பதில் ஒன்றே ஒன்று: ரவேலின் ‘டாஃப்னிஸும் க்ளோயியும்’ என்ற பாலே, பழைய கிரேக்கக் காதல் கதை, முழுசாக.

முழுசாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாலே இசையிலிருந்து கச்சேரிக்காக வெட்டி எடுத்த தொகுப்பை ஸ்வீட் என்பார்கள் (பலகாரம் இல்லை, உச்சரிப்பு மட்டும் அதே). டாஃப்னிஸில் இரண்டு தொகுப்புகள் உண்டு, இரண்டாவது மிகப் பிரபலம், 16, 17 நிமிடம்தான். நான் முதலில் வாங்கிய சிடியில் அது மட்டும்தான் இருந்தது. பல வருடம் அதுதான் டாஃப்னிஸ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் முழு 55 நிமிடத்தையும் கேட்டபோதுதான், இரண்டாம் தொகுப்பு தொடங்கும் அந்த விடியல் காட்சிக்கு ஏன் அவ்வளவு பலம் என்று புரிந்தது. அதற்கு முன் கடற்கொள்ளையர் க்ளோயியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வாத்தியமே இல்லாமல் கோரஸ் மட்டும் இருட்டில் பாடியிருக்கிறது, பான் தேவனின் நிழல் விழுந்து எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு வருவதால்தான் அது விடியல். தொகுப்பில் அது வெறும் அழகான ஆரம்பம், அவ்வளவுதான்.

1912 ஜூன் 8, பாரிஸில் ஷாத்லே அரங்கம், தியாகிலெவின் பாலே ரூஸ் குழு, ஃபோக்கினின் நடன அமைப்பு, பாக்ஸ்ட்டின் காட்சியமைப்பு, ஆடியவர்கள் நிஜின்ஸ்கியும் கர்சாவினாவும், நடத்தியவர் பியேர் மொந்த்யூ. கோரஸுக்குச் சொற்களே கிடையாது. வாயைத் திறந்தும் மூடியும் ஒலி மட்டும். தியாகிலெவுக்கு அந்தக் கோரஸ் வீண் செலவாகப் பட்டது. 1914இல் லண்டனில் அதை விட்டுவிட்டு நடத்தப் போனபோது ரவேல் பத்திரிகைக்கே கடிதம் எழுதிக் கண்டித்தார். கடைசி நடனம் ஐந்து அடி தாளத்தில் ஓடுகிறது. ரஷ்ய நடனக்காரர்களுக்கு எண்ணிக்கை பிடிபடாமல், ‘செர்-கெய்-தியா-கி-லெவ்’ என்று முதலாளி பெயரையே ஐந்தாக உடைத்து எண்ணினார்களாம். அந்த இறுதிப் பகுதியை எழுதி முடிக்க ரவேலுக்கு ஒரு வருடம் போலப் பிடித்தது.

அந்த மொந்த்யூவே 1959 ஏப்ரலில், 84 வயதில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு முழு டாஃப்னிஸையும் டெக்கா ரெக்கார்டு நிறுவனத்துக்காகப் பதிந்தார். அரங்கேற்றம் செய்தவரின் கையில், 47 வருடம் கழித்து, நல்ல ஸ்டீரியோவில்! இப்படி ஒரு அதிர்ஷ்டம் வேறு பெரிய படைப்புகளுக்கு அதிகம் வாய்த்ததில்லை. வாசிப்பவர்கள் லண்டன்காரர்கள், ஆகவே நான் மேலே சொன்ன பாரிஸ் நிறம் இதில் இல்லை. இருப்பது வேறு: அவசரமே இல்லாத நடை, எந்தக் கணத்திலும் இது ஆடுவதற்கான இசை என்ற உணர்வு. பதிந்த இடம் கிங்ஸ்வே ஹால். அதன் அடியில் அப்போது சுரங்க ரயில் ஓடியது, டெக்காவும் ஈஎம்ஐயும் அங்கே எடுத்த பதிவுகளில் அமைதியான இடங்களில் அந்த உறுமல் சில நேரம் கேட்கும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் தேடிப் பாருங்கள், அது ஒரு பொழுதுபோக்கு. (இவர்தான் இரண்டு வருடம் கழித்து இதே குழுவோடு 25 வருட ஒப்பந்தம் போட்டவர், 86 வயதில். அதை 25 வருடம் நீட்டிக்கும் வசதியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு.)

இரண்டாவது ஷார்ல் மூன்ஷ், பாஸ்டன் சிம்பொனி, ஆர்சிஏ, 1955 ஜனவரி. ஸ்டீரியோ எல்பி கடைக்கு வர இன்னும் மூன்று வருடம் இருக்கும்போதே ஸ்டீரியோ டேப்பில் எடுத்து வைத்தது. மூன்ஷ் மொந்த்யூவுக்கு நேர் எதிர், நெருப்பு. கடைசி நடனத்தில் ஆர்கெஸ்ட்ரா வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஓட்டுவார், கவிழாது. புல்லாங்குழல் தனியிசைக்காகவே இதை வைத்திருப்பவர்கள் உண்டு. அப்போது பாஸ்டனின் முதன்மைப் புல்லாங்குழல் கலைஞர் டோரியட் ஆண்டனி ட்வையர், 1952இல் அந்த நாற்காலிக்கு வந்தவர், பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் பெண்கள் அப்படி முன்னால் உட்காராத காலம். மூன்ஷ் 1961இல் இதையே மறுபடி பதிந்தார். அதில் ஒலி இன்னும் சுத்தம், ஆனால் என் ஓட்டு முதலாவதற்கு.

மூன்றாவது, பாரிஸ் நிறத்துக்காக, ஆந்த்ரே க்லூய்தான்ஸ் 1962இல் கன்ஸர்வத்வார் ஆர்கெஸ்ட்ராவோடு ஈஎம்ஐக்குப் பதிந்தது. இடம் சால் வாக்ராம், ஒரு பழைய நடன மண்டபம், எதிரொலி தாராளம். மேலே சொன்ன பஸூன், ஹார்ன், ட்ரோம்போன் எல்லாம் இதில் கொட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே முதன்மை ஹார்ன் கலைஞர் லூசியன் தெவே. 1938 முதல் 1967இல் குழு கலைந்தது வரை இருந்தவர். அந்த அசையும் ஹார்ன் ஒலி முதல் தடவை கேட்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். பத்தாவது தடவை கேட்கும்போது மற்ற ஹார்னெல்லாம் மரக்கட்டையாகத் தெரியும்.

அப்புறம் டிஜிட்டல். ஷார்ல் டுட்வா, மான்ட்ரியால் சிம்பொனி, டெக்கா, 1980. பதிந்தது செயின்ட் யூஸ்டாஷ் தேவாலயத்தில், மான்ட்ரியாலுக்குப் பக்கத்து ஊர். 1837 கலகத்தில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்பு அதன் முகப்பில் இன்னும் இருக்கிறது. ஆரம்பகால டிஜிட்டல் பதிவுகள் பல இரும்புத் தகடு உரசுவதுபோல இருக்கும், இது அப்படி இல்லை. ஒலி மட்டும்தான் வேண்டும் என்றால் இன்றைக்கும் இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நடையில் எனக்கு அது கொஞ்சம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நகை மாதிரி, ஆனால் நகை அசல்.

பழசா புதுசா என்ற உங்கள் கேள்விக்குச் சரியான பதில் என்று நான் நினைப்பது, 2016இல் பதிந்த ஒன்று. ஃப்ரான்ஸ்வா-ஸாவியே ரோத் 2003இல் தொடங்கிய லே சியெக்ல் குழு, ஒவ்வொரு படைப்புக்கும் அது பிறந்த காலத்துக் கருவிகளைத் தேடிப் பிடித்து வாசிக்கிறது. டாஃப்னிஸுக்கு 1900களின் பிரெஞ்சுக் காற்றுக் கருவிகள், வயலின்களுக்குக் குடல் தந்தி. ஆர்மோனியா முண்டி வெளியீடு. பழைய நிறமும் புதிய சுத்தமும் ஒரே இடத்தில். பித்தளைக் கருவிகள் முழங்கும்போதும் ஹார்ப் கேட்கிறது, மணிபோல ஒலிக்கும் செலஸ்டா கேட்கிறது. ரவேல் இதையெல்லாம் வீணாக எழுதவில்லை என்று தெரிகிறது. க்லூய்தான்ஸில் இருக்கும் அந்த அலட்சியமான பழக்கத் தொனி மட்டும் இதில் வராது. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழிக்கும், படித்து நன்றாகப் பேசுகிற மொழிக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. டாஃப்னிஸ் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காத ஒலியில் தொடங்கும். எல்லோரும் செய்யும் தப்பு, அங்கேயே வால்யூமைக் கூட்டுவது. நாலு நிமிடத்தில் வீடு அதிரும். முதலில் கடைசி நடனத்துக்குப் போய், அது தாங்கும் அளவில் வால்யூமை வைத்துவிட்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். இன்னொன்று, இசை நிற்காமல் ஓடுகிறது, டிராக்குகள் நம் வசதிக்குப் பிரித்தவை. ஸ்ட்ரீமிங் செயலியில் டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத அமைப்பைப் போடாவிட்டால் விடியல் நடுவில் ஒரு வெட்டு விழும். ஷஃபிள் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

டாஃப்னிஸ் பிடித்துவிட்டால் அடுத்து டெபுஸியின் ‘ழே’, அதாவது ‘விளையாட்டுகள்’. 1913 மே 15 அன்று, புதிதாகத் திறந்த ஷாம்ப்ஸ் எலிசே அரங்கத்தில், மறுபடியும் மொந்த்யூ நடத்த. இரண்டே வாரத்தில் அதே மேடையில் வசந்தச் சடங்கு வந்து கலவரமாக, பாவம், இதை ஊர் மறந்தே போனது. கதை என்று பார்த்தால், அந்தி நேரம், தொலைந்த டென்னிஸ் பந்து, ஒரு பையன், இரண்டு பெண்கள், அவ்வளவுதான். ஆனால் 17, 18 நிமிட இசையில் 60 தடவைக்குக் குறையாமல் நடை மாறுகிறது, எந்த மெட்டும் இரண்டு மூச்சுக்கு மேல் நிற்காது. முதல் தடவை கேட்டு ஒன்றும் பிடிபடவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. இதன் முதல் ஒலிப்பதிவே 1947இல்தான், ரோமில், விக்டர் டி சபாட்டா. எனக்குப் பிடித்தது பெர்னார்ட் ஹைட்டிங்க், ஆம்ஸ்டர்டாம் கன்ஸர்ட்கெபோ, 1979, பிலிப்ஸ். பிரெஞ்சு நிறம் கிடையாது, டச்சுக் குழு, ஆனால் அந்த அரங்கத்தின் ஒலியும் ஹைட்டிங்கின் பொறுமையும் சேர்ந்து, துண்டு துண்டாக இருப்பதை ஒரே மூச்சாக்கிவிடுகின்றன. நிறம்தான் முக்கியம் என்று மேலே இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கேட்கலாம். விதியை உடைக்கிற ஒரு ரெக்கார்டாவது இல்லாவிட்டால் அது விதியே இல்லை. எலும்புக்கூடு வரை பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் பியேர் பூலேஸ் இருக்கிறார், 1966இல் லண்டனில் எடுத்தது.

இந்த இடத்தில் எர்னஸ்ட் அன்ஸெர்மேயைச் சொல்லாமல் போக முடியாது. கணிதம் படித்த சுவிஸ்காரர், தியாகிலெவ் குழுவின் கண்டக்டராக இருந்தவர், 1918இல் ஜெனிவாவில் சுவிஸ் ரொமாந்த் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். 1954 மே மாதம் டெக்கா தன் முதல் ஸ்டீரியோ பதிவுகளை எடுத்தது இவரோடுதான், ஜெனிவா விக்டோரியா ஹாலில். கண்டக்டர் தலைக்கு மேல் மூன்று மைக்கைக் கிளை மாதிரி பிரித்துத் தொங்கவிடும் ‘டெக்கா மரம்’ அந்தக் காலத்தில் பிறந்ததுதான். டெபுஸி, ரவேல், டுகா எல்லாவற்றையும் வண்டி வண்டியாகப் பதிந்திருக்கிறார். குழு முதல்தரமானது என்று சொல்ல முடியாது, வயலின்கள் சில இடங்களில் மெலிந்து நூலாகிவிடும். ஆனால் பதிவின் தெளிவும், எந்த ஸ்வரத்துக்கு எவ்வளவு எடை என்று அவர் போடும் கணக்கும் சேர்ந்து, அந்த ரெக்கார்டுகளை இன்னும் உயிரோடு வைத்திருக்கின்றன.

முதல் உலகப்போருக்குப் பின் வந்த பாலேக்கள் முற்றிலும் வேறு உலகம். பனியும் நிலாவும் போய் சர்க்கஸ், ஜாஸ், கேலி வந்துவிட்டது. போர் முடிவதற்கு முன்பே, 1917 மே 18 அன்று, ஸாத்தியின் ‘பராத்’ வழி காட்டியது: கதை கவிஞர் காக்தோ, திரையும் காட்சியும் உடையும் பிக்காஸோ, நடத்தியவர் நம் அன்ஸெர்மே. இசைக்குள் தட்டச்சு இயந்திரம், துப்பாக்கி, சைரன், புட்டிகள். அந்தச் சத்தங்களெல்லாம் காக்தோவின் ஆசை, ஸாத்திக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அரங்கத்தில் டைப்ரைட்டர் சத்தம் ஆர்கெஸ்ட்ராவுக்குள் அமுங்கிப் போகும். ஒலிப்பதிவில்தான் அதை முன்னால் கொண்டுவர முடிகிறது. ஆந்தல் டொராட்டி 1965இல் லண்டன் சிம்பொனியோடு மெர்குரிக்காகப் பதிந்ததைக் கேளுங்கள். அதே ரெக்கார்டில் மியோவின் ‘கூரை மேல் எருது’வும் இருக்கிறது, பிரேசில் தெருப்பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வேறுவேறு சுருதியில் அடுக்கிய குறும்பு.

மியோவின் உச்சம் ‘உலகின் படைப்பு’, 1923. 17, 18 பேர் மட்டுமே வாசிக்கும் குழு, வயோலா இருக்க வேண்டிய இடத்தில் சாக்ஸபோன். நியூயார்க்கில் ஹார்லெம் போய் ஜாஸ் கேட்டுவிட்டு வந்து எழுதியது. கெர்ஷ்வினின் ‘ராப்ஸடி இன் ப்ளூ’வுக்கு முந்தையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மியோ தானே 1930களின் தொடக்கத்தில் ஒரு தடவை பதிந்திருக்கிறார், கரடுமுரடு, அற்புதம். நல்ல ஒலியில் வேண்டுமென்றால் மூன்ஷ் பாஸ்டனில் 1961, அல்லது லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பிரெஞ்சு தேசிய ஆர்கெஸ்ட்ராவோடு 1976. ஜாஸை ஜாஸாக எண்ணத் தெரிந்தவர் பெர்ன்ஸ்டைன், இந்த ஒன்றில் அமெரிக்கர் ஜெயித்துவிட்டார்.

பூலாங்கின் ‘லே பீஷ்’, பொருள் ‘பெண்மான்கள்’, 1924 ஜனவரி 6, மான்டி கார்லோ. அவருக்கு 25 வயது ஆவதற்கு ஒரு நாள் முன்பு. இங்கேயும் தொகுப்பு, முழுசு என்ற அதே பிரச்சினை: கச்சேரித் தொகுப்பில் கோரஸ் பாட்டுகள் கிடையாது, பூலாங்கின் குறும்பு பாதி அதில்தான் இருக்கிறது. முழுசுக்கு ஜார்ஜ் ப்ரெத்ர், லண்டனின் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு 1980ஐ ஒட்டி எடுத்தது. தொகுப்புக்கு ரோஜே தெஸோர்மியேர், 1951, டெக்கா, மோனோ. ஒலி சின்னது, ஆனால் இவ்வளவு வறண்ட நகைச்சுவையோடு வேறு யாரும் இதை வாசிக்கவில்லை. அடுத்த வருடமே பக்கவாதம் வந்து அவர் நடத்துவது நின்றுபோனது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942இல், பாரிஸ் ஓபராவில் பூலாங்கின் ‘மாதிரி விலங்குகள்’ பாலேயை அரங்கேற்றியவரும் இவரே. அந்த இசைக்குள் ‘அல்ஸாஸ்-லொரேன் உங்களுக்குக் கிடைக்காது’ என்று, பிரான்ஸும் ஜெர்மனியும் சண்டையிட்ட எல்லைப் பகுதியைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டை பூலாங்க் ஒளித்து வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் அதிகாரிகளுக்கு அது என்ன மெட்டு என்று தெரியாது, ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் பட்டியலில் நியாயமே கிடைக்காத ஆள் ஆல்பேர் ருஸ்ஸெல். நம் ஊர் வாசகர்கள் குறிப்பாக இவரைக் கவனிக்க வேண்டும். கடற்படை அதிகாரியாக இருந்து, 1894இல் விலகி இசைக்கு வந்தவர். 1909இல் புது மனைவியோடு இந்தியா வந்து சுற்றிவிட்டுப் போய் ‘எவொகாஸியோன்’ எழுதினார்: முதல் பகுதி எல்லோரா குகைகள், இரண்டாவது ஜெய்ப்பூர், மூன்றாவது கோரஸும் பாடகர்களுமாகக் காசியின் கங்கைக் கரை. ராஜஸ்தானின் சித்தோர்கர் பத்மினி கதையை ‘பத்மாவதி’ என்று ஓபராவும் பாலேயும் கலந்த ஒன்றாக எழுத, 1923இல் பாரிஸ் ஓபரா அதை மேடையேற்றியது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் கிழக்கு என்றாலே போடும் பாம்பாட்டி மெட்டு இதில் கிட்டத்தட்ட இல்லை. ஸ்வர வரிசைகளை நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். பத்மாவதிக்கு மிஷெல் ப்ளாஸோனின் துலூஸ் பதிவு, மர்லின் ஹார்ன், நிக்கோலாய் கெட்டா, ஹோசே வான் டாம் பாடியது. எவொகாஸியோனுக்கும் அதே ப்ளாஸோன் இருக்கிறார். புதிதாக வேண்டுமென்றால் யான் பாஸ்கல் தோர்த்தலியே, சாண்டோஸ்.

ருஸ்ஸெலின் பாலே என்றால் ‘பாக்கஸும் அரியாட்னியும்’, 1931, செர்ஜ் லிஃபார் நடன அமைப்பு. டாஃப்னிஸ் பட்டு என்றால் இது முறுக்கிய கயிறு. தாளம் உந்திக்கொண்டே போகும், கடைசி களியாட்டம் உட்கார விடாது. ழான் மார்த்தினோன் இரண்டு தடவை பதிந்தார்: சிகாகோவில் 1960களில் இரண்டாம் தொகுப்பு, ஆர்சிஏ, பிறகு 1969இல் பிரெஞ்சு வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு முழுசு, எராட்டோ. சிகாகோ பித்தளைக்கு ஒரு தடவை, பிரெஞ்சு ஒலிக்கு ஒரு தடவை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மார்த்தினோன் சிகாகோவில் இருந்த ஐந்து வருடம் பத்திரிகை விமர்சனத்தால் நொந்துபோய்க் கழிந்தது. அந்த ரெக்கார்டுகளை இன்று கேட்டால் எதைக் குறை சொன்னார்கள் என்றே புரியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டுகாவின் ‘லா பெரி’, 1912, ஆரம்பப் பித்தளை முழக்கத்துக்காகவே கேட்கலாம். பாலே அவ்வளவு மெதுவாகத் தொடங்குவதால் கூட்டத்தைப் பேச்சை நிறுத்த வைக்கப் பின்னால் சேர்த்த முழக்கம் அது. ஃப்ளோரான் ஷ்மித்தின் ‘சலோமியின் சோகம்’, போல் பாரே, டெட்ராய்ட், மெர்குரி. இபேரின் ‘டிவெர்டிஸ்மான்’, மார்த்தினோன், பாரிஸ் கன்ஸர்வத்வார், 1960, டெக்கா. போலீஸ் விசில் வரை உண்டு, குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். டுட்டியோவின் ‘ஓநாய்’, 1953இல் ரோலான் பெத்தியின் பாலே. ப்ரெத்ரின் 1961 பதிவு தொகுப்பு மட்டும், முழுசுக்கு ஜான் வில்சன், 2021.

கடைசியாக ஒரு பெரியது. மெஸ்ஸியானின் துரங்கலீலா சிம்பொனி, 1949 டிசம்பர் 2, பாஸ்டனில் பெர்ன்ஸ்டைன் அரங்கேற்றியது, பத்துப் பகுதி, ஏறத்தாழ 75 நிமிடம். 1968இல் பாரிஸ் ஓபரா இதையும் பாலேயாக்கிவிட்டது, மறுபடியும் ரோலான் பெத்தி. பெயரைப் பார்த்தாலே நமக்குப் புரியும், துரங்கம் குதிரை, லீலை லீலைதான். 13ஆம் நூற்றாண்டின் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களில் ஒன்றின் பெயர் அது. மெஸ்ஸியான் அந்தப் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் பார்த்து, வாழ்நாள் முழுக்க விடவில்லை. தாளத்தை நம்மவர்கள் போடுவதுபோலச் சுழற்சியாக அவர் கையாளவில்லை, செங்கல் மாதிரி எடுத்து அடுக்குகிறார், ஆகவே சமத்தைத் தேடி ஏமாறாதீர்கள். ஓந்த் மார்த்தனோ என்ற மின்கருவி மேலே ஊளையிட்டுக்கொண்டே வரும், அது பழக ஒரு வாரம் ஆகும். இரண்டு பதிவு போதும்: ஆந்த்ரே ப்ரெவின் லண்டன் சிம்பொனியோடு 1977, வெறிபிடித்த உற்சாகம், மியுங்-வுன் சுங் பாஸ்டீல் ஓபரா குழுவோடு 1990, மெஸ்ஸியான் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்தது, பியானோவில் அவர் மனைவி இவோன் லோரியோ, ஓந்த் வாசிப்பது இவோனின் தங்கை ழான் லோரியோ.

தேடும்போது ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஈஎம்ஐயின் க்லூய்தான்ஸ், மார்த்தினோன், ப்ரெத்ர் பதிவுகள் 2013க்குப் பின் வார்னர் பெயரில்தான் கிடைக்கின்றன. ஆர்சிஏ பாஸ்டன் பதிவுகள் சோனியிடம். மெர்குரி இப்போது டெக்கா குடும்பத்தில். ஒரே பதிவு பத்து அட்டைப்படத்தோடு வரும். படத்தை நம்பாமல் கண்டக்டர், குழு, வருடம் மூன்றையும் பாருங்கள். அதிலும் மூன்ஷ் டாஃப்னிஸ் என்று போட்டால் 1955உம் 1961உம் கலந்து வரும், 1955ஐப் பார்த்து எடுங்கள்.